நட வேண்டிய மலை, நடக் கூடாத மலை

வால்பாறை மேட்டுநிலத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதைந்து கிடக்கும் காட்டுத் துண்டில், அந்த மண்ணுக்குரிய மரக்கன்றை நடுவது நல்ல காரியம். அங்கிருந்து அக்காமலை வழியாக மேலேறி, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் விரியும் புல்வெளியில் ஒரு மரக்கன்றை நடுவது கெடுதல். இரண்டும் ஒரே வட்டத்துக்குள் இருப்பவை, ஒரே புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள்ளோ அதன் ஓரத்திலோ இருப்பவை. இருந்தும் ஒரே செயல் கீழே மருந்தாகவும் மேலே நஞ்சாகவும் ஆகிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான். மரம் இல்லாத நிலம் என்றாலே மரத்தை இழந்த நிலம் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனைமலையின் உச்சியில் அந்த எண்ணம் பிழையானது. அந்தப் பிழையின் விலையைச் செடிகளும் விலங்குகளும் மட்டும் கொடுப்பதில்லை, சமவெளியில் பாசனத்தையும் குடிநீரையும் நம்பி வாழ்கிறவர்களும் கொடுக்க வேண்டியிருக்கும்.

வனத்துறையும் உள்ளூர்க்காரர்களும் கிராஸ்ஹில்ஸ் என்று சொல்லும் இந்தப் புல்மலை, ஆனைமலை புலிகள் காப்பகத்தின் மையப் பகுதிகளில் ஒன்று. ஆனைமலை 1976-இல் வனவிலங்கு சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, 31.23 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் புல்மலையும் அவற்றில் ஒன்றாக இருந்தது. கேரள எல்லைக்கு அப்பால் இரவிகுளம் தேசியப் பூங்காவும், 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் இதே மலைத்திரளைச் சேர்ந்தவை. இங்கே நிலம் மூன்று வகையாகப் பிரிந்து கிடக்கிறது. வட்டமான குன்றுகளின் சரிவுகளில் புல். குன்றுகளுக்கு இடையிலான மடிப்புகளில், கட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. நீர் வடியாமல் தங்கும் பள்ளங்களில் சேறும் மட்கிய தாவரமும் படிந்த சதுப்பு. சோலைக்கும் புல்லுக்கும் இடையே மாறுதல் படிப்படியாக நிகழ்வதில்லை. ஓரத்தில் ரோடோடென்ட்ரான் மரங்கள் சில நிற்கும், சில எட்டு தள்ளினால் வெறும் புல். காடு அழிந்து புல் மிஞ்சியிருந்தால் இவ்வளவு கூர்மையான எல்லை, இத்தனை மடிப்புகளில் ஒரே மாதிரி அமையுமா என்ற கேள்வி பார்த்தவுடனேயே எழும்.

இந்த மூன்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது சதுப்பு. அரிய செடிகள் பலவற்றுக்கு அதுதான் இருப்பிடம் என்பதால் அங்கேயே சற்று நிற்பது நல்லது. தென்னிந்திய மலையுச்சிச் சதுப்புகளில் மண் அமிலத்தன்மை கொண்டது, எப்போதும் ஈரமானது, சத்துக் குறைந்தது. மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. குளிரும் காற்றின்மையும் மட்குதலைத் தாமதப்படுத்துவதால் செத்த செடியிலிருந்து நைட்ரஜன் எளிதில் மண்ணுக்குத் திரும்புவதில்லை. பெரும்பாலான செடிகளுக்கு இது பஞ்சம். அந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கக் கற்றவை மட்டுமே அங்கே நிலைத்தன. அழுகண்ணி இனத்துச் செடி இலையிலுள்ள மயிர்களின் நுனிகளில் பிசின் துளிகளைச் சுரந்து சிறு பூச்சிகளைப் பிடித்து, அவற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. யூட்ரிகுலேரியா நீரில் மூழ்கிய நுண்ணிய பைகளால் அதே வேலையைச் செய்கிறது. அவற்றோடு வெண்மொட்டுத் தலை தூக்கும் எரியோகாலான்கள், தரையில் முளைக்கும் ஆர்க்கிடுகள், ஓடைக்கரைக் காசித்தும்பை வகைகள். இவை வலிமையால் அல்ல, போட்டியாளர்கள் வர முடியாத இடத்தைப் பிடித்ததால் வாழ்கின்றன. அவற்றுக்குத் தேவை மூன்று: தடையற்ற வெயில், நிற்கும் ஈரம், ஏழை மண். ஒரு மரம் வளர்ந்தால் இந்த மூன்றுமே போய்விடும். நிழல் வெயிலை மறைக்கும், வேர் நீரை இறைக்கும், சருகு மண்ணைக் கொழுக்க வைக்கும். அரிய செடிகள் அரியவையாக இருப்பதன் காரணமே அவற்றின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறது.

கீழே வால்பாறையின் கதை நேர்மாறானது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலம், வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் 1890-களில் வந்து சேரும் வரை மழைக்காடாக இருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அதன் பெரும்பகுதி வெட்டப்பட்டது. இன்று தோட்டங்களுக்கு நடுவே நாற்பதுக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. வெடிப்பலா, நாங்கு போன்ற நெடுமரங்களும், அவற்றின் கனியையும் விதையையும் நம்பி வாழும் சோலைமந்தியும் இருவாச்சியும் அந்தத் துண்டுகளில்தான் ஒண்டியிருக்கின்றன. இங்கே மரமின்மை புதியது. யார் வெட்டினார்கள், எப்போது வெட்டினார்கள் என்பதற்கு ஆவணம் உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் முதலியோர் தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்போடு, இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் தொடங்கி, இந்தத் துண்டுகளில் உள்நாட்டு மர இனங்களைப் பல வகையாகக் கலந்து நட்டு வருகிறார்கள். நட்ட இடங்களையும், நடாமல் தானாக மீள விடப்பட்ட இடங்களையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நட்ட இடங்கள் மர இனங்களின் எண்ணிக்கையிலும் சேமித்த கரியிலும் முந்தியிருந்தன. பெருங்காட்டிலிருந்து விலகித் தனித்துக் கிடக்கும் துண்டுகளில்தான் நடுவதன் பலன் அதிகம். காரணம் எளிது. விதை கொண்டுவரும் பறவையும் குரங்கும் அங்கே எட்டுவது அரிது. மனிதக் கை அந்த வேலையைச் செய்கிறது. ஆக, மரம் நடுவதற்கு எதிரான வாதமல்ல இது. எங்கே காடு இருந்ததோ அங்கே காட்டைத் திருப்பிக் கொடுப்பது சரி என்பதற்கு வால்பாறையே சான்று.

அப்படியென்றால் புல்மலையில் முன்பு காடு இருக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆவணம் எட்டாத காலத்துக்குச் சதுப்பே சாட்சி. அமிலமும் காற்றின்மையும் சேர்ந்த சேற்றில் தாவர எச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருக்கிறது. ஊறுகாய் ஜாடிக்குள் மாங்காய் கெடாமலிருப்பதற்கும் ஏறக்குறைய இதுவே காரணம். ஆண்டுதோறும் அடுக்கு அடுக்காகப் படிந்த அந்த மட்கைத் துளைத்தெடுத்து, ரேடியோ கார்பன் முறையில் ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணிக்கலாம். பிறகு அதிலுள்ள கரியணுக்களின் எடையைப் பார்க்க வேண்டும். கரியில் 12 என்னும் எடையுள்ளவையே மிகுதி. 13 எடையுள்ளவை சிறு அளவில் கலந்திருக்கும். ஒளிச்சேர்க்கையில் மரங்கள் கையாளும் வழி, கனத்த அணுவை வெகுவாக ஒதுக்கும். வெப்பநாட்டுப் புற்கள் பலவற்றின் வழி அவ்வளவு ஒதுக்காது. பொது அளவுகோலோடு ஒப்பிடும்போது மரங்களில் கனத்த கரி ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவு, அந்தப் புற்களில் சுமார் 13 பங்குதான் குறைவு. ஆகவே செத்து மட்கிய பிறகும் ஓர் அடுக்கு மரத்தால் ஆனதா, புல்லால் ஆனதா என்று சொல்லிவிட முடியும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் நீலகிரியின் சதுப்பு மட்கில் இந்த ஆய்வைச் செய்து 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அங்கே ஓங்கியிருந்தது புல். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மரவகையின் பங்கு கூடியது. பின்னர் வறட்சி மிகுந்தபோது மீண்டும் புல் ஓங்கியது. நீலகிரியும் ஆனைமலையும் ஏறத்தாழ ஒரே உயரமும் ஒரே பருவமழையும் ஒரே வகைச் சோலையும் புல்லும் கொண்டவை. நீலகிரியின் புல் அத்தனை பழையதென்றால், ஆனைமலையின் புல் மட்டும் நேற்று வந்தது என்று சொல்கிறவர்தான் அதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு குறைவு. அந்தக் குறைவே வெப்பநாட்டுப் புல்லுக்குச் சாதகமாக இருந்திருக்கும், ஆகவே அந்தப் பதிவு வறட்சியைக் காட்டவில்லை என்பது. இருக்கலாம். ஆனால் நமக்கு வேண்டியது புல் ஏன் இருந்தது என்பதல்ல, புல் இருந்தது என்பதே. அதோடு குளிர்மலைப் புற்கள் சில மரங்களின் வழியிலேயே ஒளிச்சேர்க்கை செய்பவை. அவை மரக்கணக்கில் சேர்ந்துவிடுவதால், இந்த முறை புல்லின் பங்கைக் குறைத்துக் காட்டுமே தவிர மிகைப்படுத்தாது. இரண்டாவது மறுப்பு, மேய்ச்சல்காரர்கள் தீ வைத்துத்தான் புல்வெளியை உண்டாக்கினார்கள் என்பது. மனிதர் வைத்த தீ புல்வெளிகளின் பரப்பையும் செடிகளின் கலவையையும் மாற்றியிருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மலைகளில் மேய்ச்சல் நிலைபெற்றிருக்கக்கூடிய காலத்துக்கு வெகுமுன்பே புல் அங்கே இருந்தது. உயிரினங்களும் அதையே சொல்கின்றன. வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு மட்டுமே உரியது. புல்லை மேய்ந்து, ஆபத்து வந்தால் பாறை முகடுகளுக்கு ஓடும்படி அமைந்த விலங்கு. நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை இந்த உயர்மலைப் புல்வெளிகளை விட்டு வேறெங்கும் வாழாது. புல்லையே வீடாகக் கொண்ட தனி இனங்கள் சில நூறு ஆண்டுகளில் உருவாகிவிடுவதில்லை.

புல் பழையது என்பது சரி. ஆனால் மழை இவ்வளவு கொட்டும் இடத்தில் மரம் ஏன் சரிவேறவில்லை? 1930-களிலிருந்தே தாவரவியலாளர்கள் இதை விவாதித்து வருகிறார்கள். முன்வைக்கப்பட்ட விடைகளில் முதன்மையானது உறைபனி. மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவில் புல்வெளி தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழக்கிறது. விடியலில் புல் நுனியில் பனி உறைகிறது. சோலைக்குள் கவிகை அந்த வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. இங்கே ஒரு புதிர் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். உறைபனியே காரணமென்றால் சோலை மேட்டிலும் புல் பள்ளத்திலும் அல்லவா இருக்க வேண்டும்? விடை, இரண்டு நிலைகளும் தம்மைத் தாமே காத்துக்கொள்பவை என்பதில் இருக்கிறது. ஆழ்ந்த மண்ணும் ஈரமும் உள்ள மடிப்பில் என்றோ வேரூன்றிய சோலை, தன் கவிகையால் தன் கன்றுகளுக்குப் பனியிலிருந்து காப்புத் தருகிறது. அதே சோலை மரத்தின் விதை சில எட்டுத் தள்ளிப் புல்லில் விழுந்தால், முளைத்தாலும் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. நீலகிரியில் நடத்தி 2020-இல் வெளியான களச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் காட்டியது: சோலைக் கன்றுகளைக் கொல்லும் அந்தப் பனியை ஆஸ்திரேலிய வாட்டில் கன்றுகள் தாங்கிக்கொள்கின்றன.

நீலகிரி, கொடைக்கானல் பக்கங்களில் சீகை மரம் என்று சொல்லப்படுவது இந்த வாட்டில்தான். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கற்பூர மரத்தோடு சேர்த்து மலைகளில் பெருமளவில் நடப்பட்டது. அது நட்ட இடத்தோடு நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். அது அவரை குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. உழவனுக்கு நல்ல செய்தியான இதுவே சதுப்புக்குச் சாவு. நைட்ரஜன் இல்லாத மண்ணில் பூச்சி பிடித்துப் பிழைக்கும் அழுகண்ணியின் ஒரே பலம், மற்றவை அங்கே பிழைக்க முடியாது என்பதுதான். மண் கொழுத்தவுடன் மற்றவை வந்துவிடும். இதன் அளவை அறிய அடுத்த மலைக்குப் போனால் போதும். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனி மலையை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டது என்று கண்டது. புல்மலை இன்னும் பெரிதும் குலையாமல் இருக்கிறது என்றால், யாரும் அங்கே மரம் நட்டுப் பசுமையாக்காததே அதற்குப் பெரிய காரணம்.

நீர்க்கணக்கு இன்னும் நேரடியானது. மரம் மழையைக் கொண்டுவரும், ஊற்றைக் காக்கும் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குத் தெரிந்த பாடம். வெட்டவெளியான சரிவுக்கும் காட்டுக்கும் இடையே ஒப்பிட்டால் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் நல்ல புல்வெளிக்கும் வேகமாக வளரும் தோட்ட மரத்துக்கும் இடையே ஒப்பிட்டால் கதை மாறுகிறது. நீலகிரியின் கிளென்மார்கனில் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் கற்பூர மரத்தை நட்டது. இரண்டிலிருந்தும் வடியும் நீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பிடிப்பின் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரங்களிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. மழையில்லா மாதங்களின் ஓட்டம் இன்னும் மோசமாக அடிபட்டது. உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2005-இல் வெளியான ஆய்வு, புல்வெளியில் மரம் நட்டால் ஓடைநீர் சராசரியாக 44 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. ஆனைமலைத் தொடரின் நீராறு, சோலையாறு, ஆழியாறு முதலிய ஆறுகளை இணைத்துச் சுரங்கமும் கால்வாயும் வழியாகக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தை நம்பித்தான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களின் தென்னையும் மக்காச்சோளமும் நிற்கின்றன. கோடையில் பி.ஏ.பி. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களுக்கு, மலையின் உச்சியில் எந்தத் தாவரம் நிற்கிறது என்பது தொலைதூர விஷயமல்ல.

இங்கே காலத்தின் பெரிய மறுப்பு எழும். புவி வெப்பமாகிக்கொண்டிருக்கிறது, கரியைச் சேமிக்க மரம் வேண்டும், நாட்டின் அவசரத்துக்கு முன் சில சதுப்புச் செடிகளுக்காக வாதாடலாமா? இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். மரத்தின் கரி நிலத்துக்கு மேலே நிற்கிறது. தீயோ கோடரியோ வந்தால் போய்விடும். புல்வெளியும் சதுப்பும் கரியை மண்ணுக்குள் வைத்திருக்கின்றன. சதுப்பு வடிந்து காற்றுப் பட்டால், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மட்காமல் கிடந்தது மட்கத் தொடங்கி, சேமித்த கரி காற்றில் கலக்கும். அதோடு கரிக்காக மரம் நட வேண்டுமென்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை, வால்பாறையின் சிதைந்த காட்டுத் துண்டுகளே காத்திருக்கின்றன. சிக்கல் நம் அளவுகோலில் இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 1 எக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டை எட்டினால், மரத்தின் இனமும் நிலத்தின் உரிமையும் பார்க்காமல், அதை வனப்பரப்பாகவே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் வரிசை காடாகிவிடலாம். வரையாடு மேயும் புல்மலை காடல்லாத இடம். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப்பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. இலக்கில் தவறில்லை. ஆனால் மரத்தை மட்டும் எண்ணும் அளவுகோலால் வெற்றியை அளந்தால், இலக்கை எட்டும் அவசரத்தில் முதலில் பலியாவது யாரும் எண்ணாத புல்வெளிதான்.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. வெப்பம் கூடினால் உறைபனி குறையும். பனிதான் மரத்தைத் தடுத்தது என்றால் இனி மரம் தானே ஏறிவரும். இயற்கையே மாறும்போது பழைய நிலையை எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்? இதில் பாதி உண்மை. பனி குறைந்தால் சில ஓரங்களில் சோலை மெல்லப் பரவலாம். அப்படிப் பரவினால் அதை வெட்டித் தள்ள வேண்டியதில்லை. பனியுகத்திலிருந்து சோலையும் புல்லும் இப்படி முன்னும் பின்னும் நகர்ந்தே வந்திருக்கின்றன. ஆனால் சோலை மரம் நிழலில் வளரும் இயல்புள்ளது, மெதுவாக நகர்வது. திறந்த நிலத்துக்கு முதலில் ஓடிவருவது வாட்டில். பழைய தாளத்தில் காலியாகும் இடத்தைப் புதிதாக வந்த அந்நியன் பிடித்துக்கொள்கிறான். அதற்காகக் கண்ட இடமெல்லாம் வாட்டிலை வெட்டிச் சாய்ப்பதும் விடையாகாது. பழனி மலையின் பழைய வாட்டில் தோட்டங்களுக்குள் சோலைக் கன்றுகள் தழைத்து வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வெயில் பட்டு மண்ணிலிருந்த வாட்டில் விதைகளும் ஒருசேர முளைக்கும். தடித்த தோட்டத்தைப் புல்வெளியாக மீட்பது பல ஆண்டு வேலை, வெற்றியும் உறுதியில்லை. புல்லுக்குள் தலைகாட்டும் முதல் கன்றுகளைக் கையால் பிடுங்குவதோ சில நாள் வேலை. புல்மலையின் அதிர்ஷ்டம், அது இன்னும் இந்த இரண்டாவது நிலையில் இருப்பது.

அப்படியானால் சட்டம் காக்கும் இடத்துக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கலாம். புலிகள் காப்பகத்தின் எல்லைக்கல் துப்பாக்கியையும் கோடரியையும் நிறுத்தும். காற்றில், ஓடையில், விலங்கின் காலடியில் வரும் விதையை நிறுத்தாது. கட்டுப்பாட்டை மீறும் காட்டுத்தீயையும் நிறுத்தாது. இந்த மாதிரி நிலத்தில் பாதுகாப்பு என்பது சும்மா விட்டுவிடுவதல்ல, இடைவிடாத கண்காணிப்பு. தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்த வரையாடு பாதுகாப்புத் திட்டம் இதற்கு ஒரு வாய்ப்பு. 2024-இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. விலங்கை எண்ணுவதோடு நிற்காமல், அது மேயும் புல்லின் நிலையையும் சதுப்பின் ஈரத்தையும் வாட்டிலின் முன்னணி எங்கே நிற்கிறது என்பதையும் ஆண்டுதோறும் எண்ணினால்தான் அந்தத் திட்டம் பொருள்படும். காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், எரவாளர் என இந்த மலையில் தலைமுறைகளாக வாழும் மக்களுக்கு அந்த வேலையில் இடம் உண்டு. மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்கள் அவர்கள். கன்று முளைத்திருப்பதைச் செயற்கைக்கோள் காண்பதற்கு முன்பே கண்டுவிடக்கூடியவர்கள்.

ஒரு மரக்கன்று நல்லதா கெட்டதா என்பது கன்றைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அந்த இடத்தில் முன்பு என்ன நின்றது, அங்கிருந்து நீர் எப்படி வடிகிறது, நாம் கை வைத்தால் அடுத்து எது வந்து குடியேறும் என்று விசாரித்த பிறகே சொல்ல முடியும். வால்பாறைக் காட்டுத் துண்டில் இந்தக் கேள்விகளுக்கான விடை நடச் சொல்கிறது. புல்மலையில் அதே கேள்விகள் நடாதே என்கின்றன. ஒரே வட்டத்துக்குள் இரண்டு விடைகளும் இருக்க முடிகிறது என்றால், மாநிலம் முழுவதற்கும் ஒரே விடையை வைத்துக்கொண்டு கன்றுகளை எண்ணுவதில் பொருளில்லை. இலக்கு எண்ணிக்கையைக் குறிப்பதற்கு முன் புல்வெளிக்கும் சதுப்புக்கும் தனிப் பட்டியல் போட்டு, அங்கே மரப்பரப்பு கூடினால் அதை இழப்பாகக் கணக்கில் எழுதுவது, நிர்வாகத்துக்கு அதிகச் செலவில்லாத ஒரு திருத்தம். அதைச் செய்துவிட்டால், பசுமை இலக்கும் புல்மலையும் ஒன்றுக்கொன்று எதிரியாக இருக்க வேண்டியதில்லை.